ரோஸ்லின் அக்காவுக்கு வைத்த பூசை

கல்லறைத் திருநாள் மாலை. பகல் முழுக்கத் தூறிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கல்லறைகளில் ஈரம் ஏறி, அந்த வாடையும் செவ்வந்திப் பூவும் உருகும் மெழுகும் கலந்து மூக்கில் ஏறின. கல்லறைகளுக்கு இடையே கிடைத்த இடத்திலெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன் வரிசை, கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்களுக்கு. நாங்கள் பின்னால், வேப்ப மரத்தடியில்.

பூசை தொடங்குவதற்கு முன்னால், எந்தெந்த ஆன்மாக்களுக்காக அது ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று மைக்கில் வாசிப்பார்கள். பூசைக் கருத்து என்று சொல்வோம். குடும்பம் குடும்பமாகப் பெயர் கொடுத்திருப்பார்கள். உபதேசியார் ஒரே ராகத்தில் வாசித்துக்கொண்டே போவார். தன் வீட்டுப் பெயர் வரும் வரைக்கும்தான் ஒவ்வொருவருக்கும் காது திறந்திருக்கும். வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, பக்கத்து நாற்காலியோடு பேசத் தொடங்கிவிடுவார்கள்.

“ஞானம் ஆசிரியர் குடும்பத்தார், தங்கள் பெற்றோர் கொட்டாம்பட்டி சூசை, அன்னம்மாள், சகோதரி ரோஸ்லின் மேரி ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக…”

எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ரோஸ்லின் அக்கா எழுந்து நின்றார். எழுபதை ஒட்டிய வயது. மெலிந்த உடம்பு. வெளிர்நீலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“சாமி, நான் சாகல. இங்கனதான் இருக்கேன்.”

உபதேசியார் அடுத்த பெயரில் நின்றுவிட்டார். மைக் மட்டும் இரைந்தது.

“சூசை மகதான் நான். ஞானம் என் தம்பி.”

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு பல குரல்கள். “யாருய்யா அது?” “அந்தச் சந்து வீட்டுப் பொம்பள.” “மாத்திரை போடலையாக்கும்.” “இதுகளை எதுக்கு இங்க கூட்டியாராக?” எனக்கு முன்னால் இருந்த அம்மாள் தன் பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அக்காவுடன் வந்திருந்த பராமரிப்புப் பெண் செல்வி, அவர் கையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தாள். உபதேசியார் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போனார்.

முன்னால் இருந்த எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. முன் வரிசையில் ஒரு நரைத்த தலை மட்டும் திரும்பவில்லை. அது ஞானம் சாருடைய தலை.

ஏன் தேதி போடவில்லை

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும். நாள், கிழமை, முடிந்தால் மழையளவு வரைக்கும் எழுதிவிடுகிறவன் நான். ஆற்றில் தண்ணீர் வந்த வருடத்தைத் தவறாகப் போட்டதற்காக வாசகர் ஒருவர் இன்றும் என்னை மன்னிக்கவில்லை.

இந்த வாரம் வருடம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டாம். தேதி என்னிடம் இருக்கிறது, தரமாட்டேன். பெயர்களை மாற்றிவிட்டேன், ஊரையும்தான். ரோஸ்லின் என்ற பெயரை அவரே தேர்ந்தெடுத்தார். பள்ளிக்கூடத்தில் அவரோடு படித்த பெண்ணின் பெயராம். “நல்லாப் பாடும் சார் அது. எம்பேர விட அந்தப் பேரு நல்லாருக்கும்” என்றார். எழுத ஒரு நிபந்தனையும் போட்டார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் சந்தில் ஒரு வீடு

வைகைக்கு வடகரையில், பெரிய ரோட்டிலிருந்து ஆட்டோ ஒன்று மட்டும் நுழையக்கூடிய சந்து எங்களுடையது. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பது தாசனின் வீடு. தாசன் சிம்மக்கல்லில் மொத்தக் கடை வைத்திருப்பவர். அந்த வீட்டை ஓர் அமைப்பு வாடகைக்கு எடுத்தது. பலகை கிடையாது, காவலாளி கிடையாது. நான்கு வயதான பெண்கள் குடிவந்தார்கள்.

நான்கு பேரும் தீவிர மனநோய் வந்து, வாழ்க்கையில் பாதிக்கும் மேலே பூட்டிய கதவுகளுக்குள் கழித்தவர்கள். நோய் அடங்கிப் பல காலம் ஆகியும் கூட்டிப் போக ஆள் வராததால் அங்கேயே கிழவிகள் ஆனவர்கள். அவர்களை ஊருக்குள், சாதாரண வீட்டில், சாதாரணமாகக் குடிவைக்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் வேலை. பகலில் செல்வி, இரவில் இன்னொரு பெண். மாதம் ஒருமுறை நர்ஸ் வந்து ஊசி போட்டுப் போவார். மற்றபடி சமையல், துணி, தள்ளுவண்டியில் கீரை பேரம், சீரியலுக்கா செய்திக்கா என்ற சண்டை எல்லாம் அவர்களுடையதே.

தாசன் வீடு கொடுக்கத் தயங்கியபோது நான்தான் போய்ப் பேசினேன். “நீங்க சொன்னா சரிண்ணே” என்று சாவியைக் கொடுத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ தெருக்களில் முடியாது என்றவர்களை விட அவர் நல்லவர்.

ரோஸ்லின் அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்தவர். வேலைக்குப் போக வேண்டிய வருடத்தில், மின்விசிறி பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லத் தொடங்கினார். தகப்பனார் கொண்டு போய் ஓர் இல்லத்தில் சேர்த்தார். அவர் இருந்தவரை பஸ் ஏறி வந்து பார்த்தார். அவர் இறந்த செய்தி மட்டும் இல்லத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை.

சத்தம் இப்போதும் அவருக்குக் கேட்கும். அதை மறைக்கமாட்டார். காலையில் வாசல் தெளிக்கும்போது, “இன்னைக்குக் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி சார்” என்பார், புழுக்கம் அதிகம் என்று நாம் சொல்வதைப் போல. சொல்லிவிட்டுக் கோலப்பொடி டப்பாவைத் தேடப் போய்விடுவார்.

பம்பாய்க்குப் போன மனிதர்

என் சிறுவயதில் அலங்காநல்லூர்ப் பக்கம் உறவினர் வீடு ஒன்றுக்கு விடுமுறைக்குப் போவோம். அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் மூத்த மகன் ஒருவர் உண்டு. “எங்க இருக்கார்?” என்றால், “பம்பாய்ல” என்பார்கள். பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் லீவு கிடைக்கவில்லை.

கொல்லைப்புறம் மாட்டுத்தொழுவத்தை ஒட்டி ஓர் அறை. தினம் மத்தியானம் அந்த வீட்டு அம்மாள் ஒரு தட்டை எடுத்துப்போய்க் கதவுக்கு அடியில் தள்ளுவாள். பம்பாய் அந்த அறைக்குள்தான் இருந்தது. ஊர் முழுக்கத் தெரியும். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டும் இருந்தது: “பம்பாய்ல இருந்து கடுதாசி வருதா?”

இதைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் படிக்காத ஜனங்கள் பம்பாய் என்றார்கள். இன்றைக்குப் படித்த ஜனங்கள் மோட்சம் என்கிறார்கள். அவ்வளவுதான் முன்னேற்றம்.

இரண்டு கதவுகள்

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பழைய கெஜட்டுகளையும் சட்டப் புத்தகங்களையும் புரட்டுவது பொழுதுபோக்கு. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை வரி விடாமல் வாசித்தேன். மனநோய் உள்ளவருக்கும் சமூகத்தில் ஒருவராக வாழ உரிமை உண்டு என்கிறது. குடும்பம் கைவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அவரை உள்ளே வைத்திருக்கக் கூடாது என்கிறது. வாசிக்க அருமையாக இருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு இடம் தேடி, அமைப்பின் பெண் ஒருத்தியோடு நான் சில இடங்களுக்குப் போயிருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வரவேற்றுக் காபி கொடுத்தார்கள். மனநோய் என்றதும் காபி டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொள்ளாத குறை. “எங்களுக்கு அந்த மாதிரி ஆளுகளைப் பாக்க ஸ்டாஃப் இல்ல சார்.” மனநல இல்லத்தில் வேறு பதில். “வயசு அறுபதுக்கு மேலன்னா எடுக்குறதில்ல சார். விழுந்து வைப்பாங்க, சுகர் பாக்கணும், யார் பாக்குறது?”

கிழவி என்பதால் ஒரு கதவு, பைத்தியம் என்பதால் இன்னொரு கதவு. இரண்டுமாக இருக்கும் பெண் எந்தத் திண்ணையில் போய்ப் படுப்பாள் என்று நான் கேட்டேன். அந்த இல்லத்துக்காரர் கணினியைப் பார்த்துக்கொண்டார்.

இளைஞனுக்கு மனநோய் என்றால் மருந்து, மறுவாழ்வு, வேலைப் பயிற்சி என்று ஏதாவது பேசுகிறார்கள். அறுபது தாண்டியவருக்கு யாரும் எதுவும் திட்டமிடுவதில்லை. இன்னும் கொஞ்ச காலம்தானே என்று எல்லோரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கொஞ்ச காலம் இருபது வருடமாகவும் இருக்கலாம் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை.

எனவே தாசன் வீட்டை விட்டால் அந்த நான்கு பேருக்கும் போக இருந்த ஒரே இடம், வந்த இடம். ஊருக்கு வெளியே, கேட்டில் பூட்டுத் தொங்குகிற இடம்.

அன்றைய சாப்பாடு

கல்லறையிலிருந்து திரும்பி அக்காவையும் செல்வியையும் வீட்டில் விட்டேன். நான்கு பேரில் ஒருவரான பேச்சி அக்கா கதவைத் திறந்தார். அவர் கல்லறைக்கு வரவில்லை. அழகர் பக்தை. வாயைத் திறந்தால் மற்ற மூவரும் சிரிப்பார்கள்.

செல்வி நடந்ததைச் சொன்னாள். பேச்சி அக்கா ரோஸ்லினைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“செத்தவளுக்கு எதுக்குடி தோசை? என் தட்டுல போடு.”

ரோஸ்லின் அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“சார், அம்மா பேரையும் வாசிச்சாகளே. அன்னம்மாள்னு.”

ஆமாம் என்றேன். தாயார் இறந்ததை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“என்னையும் சேத்துத்தானே வாசிச்சாக. நான் உசுரோட இருக்கேன். அப்ப அம்மாவும் எங்கயாச்சும் இருக்கும்ல சார்?”

 அந்த வீட்டில் அன்று யாரும் சொன்னதிலேயே மிகச் சரியான தர்க்கம் அது. தாயார் இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். நம் பக்கத்தில் தொண்ணூறைத் தாண்டியவர்கள் இல்லையா என்ன.

மாத்திரை கூடிய கதை

கல்லறையில் நடந்தது அமைப்பின் காதுக்குப் போயிற்று. அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். வெளிநோயாளிகள் வரிசை வராந்தாவைத் தாண்டி வெயிலுக்கு வந்திருந்தது. மருத்துவர் இளைஞர். அன்று எத்தனையாவது நோயாளியோ.

“என்னம்மா பிரச்சினை?”

“நான் செத்துட்டேன்னு கல்லறையில வாசிச்சாக டாக்டர்.”

அவர் எழுதினார். தான் இறந்துவிட்டதாகப் பேசப்படுகிறது என்று நம்புவது, பொது இடத்தில் சத்தம். மாத்திரையைக் கூட்டினார்.

அடுத்து வந்த நாள்களில் ரோஸ்லின் அக்கா நடந்த விதத்தை நான் பார்த்தேன். காலைத் தூக்கி வைக்காமல் இழுத்துக்கொண்டு நடந்தார். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. வாசல் தெளிக்க வரவில்லை. கடைவாயில் எச்சில் வழிவதைத் துடைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

செல்விக்குப் பொறுக்கவில்லை. “வாங்கண்ணே, நீங்களும் வாங்க. நான் சொன்னா ஆயான்னு நெனப்பாக. நீங்க பேன்ட் போட்டு வாங்க” என்று என்னை இழுத்துப் போனாள்.

“டாக்டர், அந்தம்மா சொன்னது உண்மை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெயரை வாசித்தார்கள்” என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். “நிஜமாவே வாசிச்சாங்களா?”

“ஆமாம்.”

“அதே பேர்ல வேற யாராவது…”

“இவுக பழைய சீட்டுல தகப்பன் பேரப் பாருங்க சார். ஊரப் பாருங்க” என்றாள் செல்வி.

பார்த்தார்.  பிறகு மாத்திரையைப் பழையபடி குறைத்தார். “சாரிம்மா” என்றார் அக்காவிடம். அவரைப் பாராட்ட வேண்டும். மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் இந்த விவகாரம் முழுவதிலும் அவர்தான்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருந்தது, இன்றும் இருக்கிறது. பேன்ட் போட்ட ஒருவன் வந்து சாட்சி சொல்லாவிட்டால்? அறுபது வயதில் நான் போய், பக்கத்து வீட்டுக்காரன் என் பெயரில் பூசை வைக்கிறான் என்று சொன்னால், “யார் அந்த அயோக்கியன்?” என்று கேட்பீர்கள். ரோஸ்லின் அக்கா சொன்னால், “மாத்திரை போட்டியா?” என்று கேட்கிறீர்கள்.

தாசன் வந்த நாள்

தாசன் கடையை மூடிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீக. பொங்கலுக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருங்க.”

“ஏன் தாசா? ஒரு நாள் ஒரு வார்த்தை சத்தமா பேசுனதுக்கா?”

“கல்லறையிலயே இந்தப் பாடு. நாளைக்கு வீட்டுக்குள்ள கேஸைத் திறந்துவிட்டா? பேரவையில கேக்குறாக. ஞானம் சாரே கேட்டாரு. எனக்கு வாத்தியாருண்ணே அவரு, நான் என்ன பதில் சொல்ல?”

“ஞானம் சார் என்ன கேட்டார்?”

“‘இம்புட்டுப் பேர் குடியிருக்க சந்துல ஏம்ப்பா இந்த வம்பு’ன்னாரு.”

நான் அன்றைக்கு என்ன பேசினேன் என்று எழுதினால் பத்திரிகை அச்சிடாது. தாசனுக்கு எதுவும் தெரியாது. சொந்த அக்காவைச் சந்திலிருந்து துரத்த அந்த மனிதர் தன் பழைய மாணவனை அனுப்பியிருக்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

மறுநாள் பங்குத் தந்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இளையவர், இந்தப் பங்குக்குப் புதியவர். ஞானம் சாரைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். பிறகு எங்களையும் ஒரு நாள் வரச் சொன்னார்.

பங்குத் தந்தையின் அறையில்

அறையில் நாங்கள் ஐந்து பேர். ஃபாதர், ஞானம் சார், ரோஸ்லின் அக்கா, செல்வி, நான். தாசனை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள்.

ஞானம் சார் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அக்காவைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். மூக்கும் நெற்றியும் இருவருக்கும் அச்சாக ஒன்று.

முதலில் பேசியது அக்காதான்.

“தம்பி, அம்மா இருக்கா?”

ஞானம் சார் எதற்கோ தயாராகி வந்திருந்தார், இதற்கல்ல. கண்ணாடியைக் கழற்றினார்.

“இல்லக்கா. போயிருச்சு. ரொம்ப வருஷமாச்சு.”

“சீக்கா?”

“தூக்கத்துலயே.”

“என்னையக் கேட்டுச்சா?”

அவர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினார்.

பிறகு ஞானம் சார் ஃபாதரைப் பார்த்து விளக்கம் சொன்னார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, குடும்பத்தில் வேறு யார் உண்டு என்று கேட்டார்கள். அக்காவுக்கு இப்படி என்று சொன்னால் நோய் பரம்பரை என்பார்கள், பெண் வீட்டிலேயே நின்றுவிடுவாள். ஆகவே இறந்துவிட்டதாகச் சொல்லியாயிற்று. சம்பந்தி வீட்டார் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் வருகிறார்கள். பெயரை வாசிக்காமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

“ஆனா ஃபாதர், ஒரு வருஷம் தவறுனதில்ல. அக்காவுக்காகப் பூசை வச்சுக்கிட்டேதான் இருக்கேன். மனசார ஜெபிச்சிருக்கேன்.”

இதை அவர் பெருமையாகவே சொன்னார். ஒரு தடவைகூட பஸ் ஏறிப் போய்ப் பார்க்காத மனிதர், ஒரு வருடமும் தவறாமல் பூசை வைத்திருக்கிறார். எங்கள் சமூகத்தில் மட்டுமே செய்ய முடிகிற பாவம் இது. உயிரோடு இருப்பவளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போக மனம் வராது; அவள் ஆன்மாவுக்கு மட்டும் குறை வைக்கமாட்டோம்.

“உயிரோட இருக்கவகளுக்கு ஆன்ம இளைப்பாற்றியா சார்?” என்றாள் செல்வி. “இளைப்பாறக் குடுத்தீகளா அவுகளை? வீட்டை விட்டு விரட்ட ஆள் அனுப்பிச்சீகளே!”

“அதான் சொல்ல வாரேன்” என்றார் ஞானம் சார். “தாசன்கிட்ட நான் பேசுறேன். வீடு எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கட்டும். நான் சொன்னா கேப்பான். ஆனா அக்கா ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் பேரு ஒண்ணா இருந்ததுல தடுமாறிட்டேன்னு தாசன் முன்னால ஒரு வார்த்தை. அவ்வளவுதான். என் மக வாழ்க்கைக்காக.”

ஃபாதர், “சார், இது நியாயமில்லை” என்றார். ஆனால் சத்தமில்லாமல் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். இதற்குச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்க இடம் இருக்கிறது என்று ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன்.

“சார், உக்காருங்க” என்றார் ரோஸ்லின் அக்கா. பிறகு தம்பியிடம் திரும்பினார்.

“உன் மக பேரு என்ன?”

அவர் சொன்னார்.

“பிள்ளைக இருக்கா?”

“ரெண்டு.”

“சரி. தாசனக் கூப்பிடு.”

“என்னக்கா நீங்க!” என்று செல்வி கத்தினாள்.

“சும்மா இரு செல்வி. பேச்சிக்கு முட்டி வலி. இனி அவளால வேற வீடு மாற முடியாது.”

தாசன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ரோஸ்லின் அக்கா எழுந்து நின்றார், கல்லறையில் நின்றதைப் போலவே நிமிர்ந்து.

“தம்பி, அன்னைக்கு எம்பேரும் அந்தப் பேரும் ஒண்ணா இருந்துச்சு. தப்பா நெனச்சுட்டேன். சாருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்கு யாரும் கிடையாது. இனிமே சத்தம் போடமாட்டேன்.”

தாசன் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, என்ன தெளிவாப் பேசுறாக! இவுகளப் போயா… நீங்க தாராளமா இருங்கம்மா. அண்ணே, நம்ம அம்மா நல்லாத்தான் இருக்காக!”

நல்லாத்தான் இருக்காக. உண்மையைச் சொன்ன அன்றைக்குப் பைத்தியம் என்று மாத்திரையைக் கூட்டினோம். வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னதும் தெளிந்துவிட்டார் என்று சான்றிதழ் கொடுத்தோம். இத்தனை பேர் சேர்ந்து ஒரு கிழவியிடமிருந்து தம்பியை வாங்கிக்கொண்டு, அவர் ஏற்கனவே குடியிருக்கும் வீட்டை அவருக்கே கொடுத்தோம். அதற்கு அவர் நன்றி வேறு சொன்னார்.

எழுத அவர் போட்ட நிபந்தனை

ஞானம் சாரைக் கெட்டவர் என்று எழுதக் கூடாது என்பதுதான் அந்த நிபந்தனை. அவர் மகளுக்குத் தெரிந்துவிடும்படி எழுதக் கூடாது என்பதை அக்கா சொல்லாமலே நான் செய்திருப்பேன். ஆனால் முதல் நிபந்தனையை என்னால் காப்பாற்ற முடிந்ததா என்று தெரியவில்லை. முயன்றேன் அக்கா. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஞானம் சார் பயந்தவர் என்று வேண்டுமானால் எழுதுகிறேன். அவரைப் பயமுறுத்தியது யார்? பெண் பார்க்க வந்த வீட்டார். அவர்களை? அவர்களுடைய உறவுக்காரர்கள். இப்படியே ஒவ்வொரு வாசலாக ஏறிப் போனால் கடைசியில் என் வாசலும் உங்கள் வாசலும் வரும். எல்லோரும் பயந்தோம். விலை கொடுத்தது மட்டும் ஒருவர்.

ஆட்டோவில் திரும்பும்போது செல்வி வெளியே பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். ரோஸ்லின் அக்கா இரண்டு கைகளாலும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தார். சந்துக்குள் ஆட்டோ திரும்பும்போது பேச்சி அக்கா வாசல்படியில் முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்னடி ஆச்சு? வீடு இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“உன் தம்பி?”

“இல்ல.”

பேச்சி அக்கா எழுந்து வழிவிட்டார்.

ரோஸ்லின் அக்கா படியேறினார். நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி, “செல்வி, வெந்நீர் போடு” என்றார்.

“இப்ப எதுக்குக்கா? காலையிலதானே குளிச்சீக.”

“அம்மாவுக்குத் தலை முழுகணும்.”

சாவுச் செய்தி வந்த கேத வீட்டில் தலை முழுகுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பொது. செய்தி எத்தனை வருடம் பிந்தி வந்தாலும் முழுகத்தான் வேண்டும். செல்வி அடுப்பைப் பற்ற வைத்தாள். பேச்சி அக்கா, மாற்றுச் சேலையும் துண்டும் எடுத்துக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு பின்கட்டுக்குப் போனார். வீட்டிலிருந்த மற்ற இருவரும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பின்னால் போனார்கள்.

நான் சந்தில் நின்றுகொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து தண்ணீர் சத்தம் வந்தது. ஒவ்வொரு செம்பாக, நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, “அம்மா” என்று ஒரு குரல். சத்தமாகத்தான் கேட்டது. அக்கம் பக்கத்தில் யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை.